காணிக்கை மேசையில் கவிழ்த்து வைத்த அண்டா

பசுமலை, மதுரை.
செவ்வாய்க்கிழமை, மத்தியானம், அடுப்பு வேலை முடிந்து.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஆனிமேரி மதினி அவர்களுக்கு, தங்கள் நாத்தனார் ஜெஸி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் எங்கள் வீட்டுக்காரரும் சின்னவளும் ஆண்டவர் இதுவரைக்கும் தாங்கிவந்த அளவில் சுகமாயிருக்கிறோம். அங்கே தாங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாயிருக்கவேண்டுமென்று காலை ஜெபத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெயர் சொல்லி என்று எழுதியிருப்பதைத் தாங்கள் கவனிக்கவும். நாம் பேசாமலிருந்த இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தங்கள் பெயரை விட்டதில்லை. அதுவும் அண்ணன் பெயருக்கு முன்னாலேயே வரும்.

முதலில் ஒரு காரியம். அண்டா பத்திரமாயிருக்கிறது. இதை இன்னொரு தடவை படித்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அதன் பிறகு மேலே படிக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டால் தாங்கள் "அவரு குளிக்கிறாரு" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். மழையில்லாத அந்தப் பேரையூரில் எங்கள் அண்ணன் ஒரு நாளைக்கு இத்தனை தடவை குளிப்பதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. அண்ணனிடமே சொல்லிவிடலாம் என்றால், அவர் கணக்கு வாத்தியாராக இருந்தும், சொல்லிவிட்ட சேதியில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கொண்டுவந்து சேர்ப்பார். ஆகவே எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்று, வேதத்தையும் மளிகைச் சீட்டையும் வாசித்து வாசித்தே எழுத்துப் பழகினவள். வாக்கியம் எங்கேயாவது நீண்டுபோனால் மூச்சு விடும் இடத்தைத் தாங்களே பார்த்து வைத்துக்கொள்ளவும்.

எங்கள் சின்னவள் படிக்கும் சபைப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் அரைப் பரீட்சைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கிறிஸ்துமஸ் சந்தை போடுவார்கள். பெற்றோர்கள் ஆளுக்கொரு கடை வைக்கவேண்டும், வருகிற பணம் பள்ளிக்கூடத்துக்கு. இந்த வருஷம் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட. கேக் கடை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். போன இடத்தில் கேக்கை வேறொரு அம்மா எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் வீட்டில் கேக் சுடுகிற பெரிய மின்சார அடுப்பு இருக்கிறதாம். குடிக்கிற கடை என் தலையில் விழுந்தது. ஒருத்தர் பாட்டில் ஜூஸ் வையுங்கள் என்றார். இன்னொருத்தர் கோரிப்பாளையத்தில் தெரிந்த பாய் இருக்கிறார், ஜிகர்தண்டா போட்டுக் கொடுப்பார் என்றார். டிசம்பர்ப் பனியில் தேவதூதர் வேஷம் போட்ட பிள்ளைகளுக்கு ஐஸைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பாட்டுக்குழு முழுசும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கவா? பருத்திப்பால் வைக்கிறேன் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அம்புட்டுப் பேருக்குக் காய்ச்ச எங்கள் வீட்டில் பாத்திரம் கிடையாது என்று ஞாபகம் வந்தது.

பருத்திப்பாலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எவர்சில்வரில் காய்ச்சினால் அடி பிடிக்கும், அலுமினியத்தில் நிறம் கெடும், ஈயம் பூசின பித்தளைதான் அதற்குச் சரி. இதை நான் அண்ணனிடம் போனில் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் அண்ணன் வாசலில் நிற்கிறார், தங்கள் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. பேரையூரிலிருந்து பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கண்டக்டர் அண்டாவுக்கும் டிக்கெட் போட்டாராம்.

"ஆனி குடுத்துவிட்டா" என்றார்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பத்திரம்னு சொல்லச் சொன்னா."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்."

மதினி, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் அடுப்படியில் நின்று அழுதது ஆண்டவருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கள் புதுவீட்டுப் பிரதிஷ்டையில் நான் பாயாசத்தைப் பற்றிச் சொன்னதாகச் சொல்லப்படுகிற அந்த வார்த்தைக்குப் பிறகு, தங்கள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வந்த முதல் பொருள் இது, முதல் சொல் அது. (பாயாசம் "கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்றுதான் சொன்னேன். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் பக்கத்து இலைக்காரி கேட்டதற்குப் பதில் சொன்னது. இதை இப்போது கிளறவில்லை.) அண்டாவைத் துடைத்துப் பார்த்தேன். விளிம்பில் சின்னதாய் ஒரு சிலுவை, பக்கத்தில் புள்ளி புள்ளியாய் வெட்டின எழுத்தில் "ஆனிமேரி இம்மானுவேல், பேரையூர்." தங்கள் கல்யாணத்துக்குத் தங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. இதை எப்படி வந்ததோ அப்படியே, இன்னும் கொஞ்சம் பளபளவென்று திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த தடவை தாங்கள் இரண்டு சொல் பேசுவீர்கள் என்று முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை போட்டாயிற்று. என் கடைக்குப் பக்கத்துக் கடை ரெங்கம்மாள் என்கிறவர்கள், குழிப்பணியாரம். அவர்கள் மகளும் எங்கள் சின்னவளும் ஒரே வகுப்பு. மேற்கே தோட்டம் காடு உள்ளவர்கள், எனக்குப் பருத்திக்கொட்டை கொடுத்ததும் அவர்கள்தான். அவர்களுடைய அக்கா தங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார்களாம். நல்ல மனசு, ஆனால் வாய்க்கு மூடி கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் கடைக்கு உதவிக்கு வரவில்லை. வருஷா வருஷம் இந்தச் சனிக்கிழமை பார்த்து அவருக்கு ஆபீஸில் ஆடிட் வந்துவிடும். நாலு வருஷமாய் இப்படித்தான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு மேல் பேண்டு அடித்துக்கொண்டு கிறிஸ்துமஸ் தாத்தா வந்தார். தங்கள் பிறந்த வீட்டு மாதா கோயில் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் தாத்தா யார் என்பது பரம ரகசியம். பிளாஸ்டிக் முகமூடி, அதற்குக் கீழே பஞ்சுத் தாடி, காதுக்குள்ளும் பஞ்சு. தாத்தா வாயைத் திறந்து பேசக்கூடாது. ஆடுவார், கை குலுக்குவார், மணி ஆட்டுவார், அவ்வளவுதான். ஆடி ஆடி என் கடைக்கு வந்து, டம்ளரைக் காட்டிக் கை நீட்டினார். ஊழியக்காரர் மாதிரிதானே என்று நிறைய ஊற்றிக் கொடுத்தேன். அவர் முகமூடியை மூக்குக்கு மேலே தூக்கி, அண்டாவுக்கு நேராய்க் குனிந்து குடித்தார். தாடி கழன்று அண்டாவுக்குள் விழுந்தது, என் கண்ணும் அதோடு அண்டாவுக்குள்ளேயே போய்விட்டது.

மதினி, நான் கோபக்காரி இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் "வயசான காலத்துல ஒரு எடத்துல உக்காந்து குடிச்சா என்ன, கூத்தாடிக்கிட்டேதான் குடிக்கணுமா, உம்ம பெத்தவ இதான் சொல்லிக் குடுத்தாளா" என்று கேட்டுவிட்டேன். தாத்தா முகமூடியைச் சட்டென்று இறக்கிக்கொண்டு மணியை ஆட்டினார். நான் கரண்டியால் தாடியை எடுத்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்தேன்.

பக்கத்தில் ரெங்கம்மாள் பணியாரத்தைத் திருப்பிக்கொண்டே, "விடு தாயி. பருத்திப்பாலுக்குள்ள பருத்திதேன விழுந்துச்சு. ஆட்டு முடியா விழுந்துச்சு" என்றார்கள்.

அதைக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தது மட்டுமில்லை, தாத்தா தாடி விழுந்த பருத்திப்பால் என்று பிள்ளைகள் போய்ச் சொல்ல, மைதானம் முழுவதும் என் கடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தால் அடி தெரிகிறது. நீட்டின டம்ளர் ஒரு காடு மாதிரி நிற்கிறது.

"ஒரு குடம் வெந்நிய ஊத்தி விடு. இருட்டுல எவன் பாக்கப்போறான்" என்றார்கள் ரெங்கம்மாள்.

"ஐயோ, அது பாவம்க்கா."

"வந்த பிள்ளைகள வெறும் வாயோட அனுப்புறது மட்டும் புண்ணியமாக்கும்."

மதினி, நான் ஊற்றினது சுக்குத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த நீர். ஏலக்காயும் போட்டேன், கருப்பட்டி இன்னும் ஒரு கட்டி போட்டேன், கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபமும் பண்ணினேன். ஆகவே அதைத் தண்ணீர் என்று யாரும் சொல்ல முடியாது. இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், பிறகு யாராவது வேறு மாதிரிச் சொன்னால் தாங்கள் நம்பவேண்டாம்.

எட்டரை மணிக்கு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வித்துத் தீர்ந்தது. இனிமேல்தான், மதினி, நான் செய்த ஒரே ஒரு தப்பு வருகிறது. மற்றதெல்லாம் தானாக வந்தது.

அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் குழாயடியில் கழுவினேன். தங்கள் சுத்தம் எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவலாம் என்று விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. கழுவின அண்டாவை ஈரம் வடிய எங்கே கவிழ்க்கிறது? தரையெல்லாம் மண், பணியார மாவு, பலூன். வேப்பமரத்தடியில் ஒரு மேசை இருந்தது, வெள்ளை வெளேரென்று துணி விரித்து. மேலே ஒன்றும் இல்லை. அதில் கவிழ்த்துவிட்டு, எங்கள் சின்னவள் இறக்கை கட்டிக்கொண்டு பாடுவதைப் பார்க்கப் போய்விட்டேன்.

அது காணிக்கை மேசை.

எங்கள் சபை வழக்கம் தாங்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சந்தை முடியும்போது ஏலம். பூசணிக்காயோ, சேவலோ, வாழைத்தாரோ, மனசிருக்கிறவர்கள் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்கள். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். வெள்ளைத் துணியில் ஏறிவிட்டால் அது கர்த்தருடையது. முட்டை வைத்தவர் அந்த முட்டை தனக்கு வேண்டுமென்றால், முட்டையைப் போல் நூறு மடங்கு விலை சொல்லி ஏலத்தில்தான் எடுக்கவேண்டும். பாட்டு முடிந்து நான் திரும்பி வரும்போது மேசை நிறைந்திருந்தது. நடுவில் எல்லாவற்றுக்கும் ராஜா மாதிரி தங்கள் அண்டா.

நான் ஓடிப்போய் எடுத்திருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்துப் போதகர் ஐயா "ஜெபிப்போம்" என்றார். ஜெபத்தில் கண் திறந்து பழக்கமில்லை, நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஐயா ஒவ்வொரு காணிக்கையாய் ஆசீர்வதித்துக்கொண்டு வந்தார். "தூரத்திலிருந்தும், ஆண்டவரே, உம்முடைய பிள்ளைகளின் கழிப்பறைக்காகத் தன் வீட்டுப் பாத்திரத்தையே படைத்திருக்கிற பேரையூர் ஆனிமேரி இம்மானுவேல் அம்மாவை நீர் நினைத்தருளும்" என்றார். நான் கண்ணை மூடியபடியே, எங்கள் மதினி பெயர் மைக்கில் வருகிறதே என்று பூரித்துப்போய், மைதானத்திலேயே சத்தமாய் "ஆமென்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் புத்தியில் ஏறியது. ஆமென் சொன்ன வாயால் அது மறதியாய் வைத்தது என்று எப்படிச் சொல்ல? அனனியாவும் சப்பீராளும் காணிக்கையில் கொஞ்சம் எடுத்து ஒளித்துவைத்ததற்கு அந்த இடத்திலேயே விழுந்து செத்தார்கள் என்று வேதத்தில் வாசித்திருக்கிறேன். நான் முழு அண்டாவையும் திருப்பிக் கேட்டால்?

ஏலத்தில் எடுப்பதைத் தவிர வழியில்லை. கடைப் பணம் தனிப் பையில் இருந்தது, அது பள்ளிக்கூடத்தினுடையது, அதைத் தொடவில்லை. என்னிடம் கிறிஸ்துமஸ் கறிக்கு வைத்திருந்த பணமும் துணிக்கு வைத்திருந்த பணமும் வேறு வேறு முடிச்சாய் இருந்தது. மைக்கைப் பிடித்தது விளையாட்டு வாத்தியார் தங்கப்பாண்டி. அவருக்கு மைக் கிடைப்பது வருஷத்தில் இரண்டு நாள்தான், விளையாட்டு விழாவும் இதுவும். அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக் காட்டினார், கோயில் மணி மாதிரி கேட்டது. "ஐநூறு, ஐநூறு, யாரு மேல கேக்குறா" என்றார். நான் கை தூக்கினேன். ரெங்கம்மாளும் தூக்கினார்கள்.

"அக்கா, கைய எறக்குங்க" என்றேன்.

"ஏந்தாயி? பணியார மாவு கரைக்க ஆகும்."

"அது நான் கொண்டாந்த அண்டா."

அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "ஒன் அண்டாவ நீயே ஏலத்துல வச்சு, நீயே ஏலம் கேக்குற. வேத வழக்கமா இது?"

"என்னோடது இல்லக்கா. எங்க மதினியோடது."

"அப்ப மதினிகிட்டப் போயி, இப்பிடி ஆகிப்போச்சுன்னு சொல்லு."

"மதினி எங்கிட்டப் பேச மாட்டாங்க."

"எதுக்குப் பேச மாட்டா?"

இந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் பதில் சொல்ல நேரமில்லை. "பாயாசம்" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு என்ன விளங்கியதோ, கையை இறக்கிக்கொண்டார்கள்.

ஒரு தரம் என்றார் தங்கப்பாண்டி. இரண்டு தரம் என்றார். என் நெஞ்சு கொஞ்சம் இளகியது. அந்த நேரம் மேடை ஓரத்திலிருந்து கணகணவென்று மணிச் சத்தம். தாத்தா. ஒரு கையில் மணி, மறு கையில் ஐந்து விரல், இன்னும் ஒரு ஐநூறு என்று. பஞ்சுத் தாடியிலிருந்து இன்னும் பருத்திப்பால் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"தாத்தா கேட்டுட்டாரு" என்று தங்கப்பாண்டி கூவினார். "பிள்ளைகளா, தாத்தா அண்டா கேக்குறாரு. எதுக்குத் தாத்தா? வண்டி இழுக்குற மானுக்குத் தண்ணி வைக்கவா?"

நான் கூட்டிக் கேட்டேன். தாத்தா மணி ஆட்டினார். மறுபடியும் நான். மறுபடியும் மணி. மைதானத்துப் பிள்ளைகள் அத்தனையும் தாத்தா பக்கம் சேர்ந்துகொண்டு, நான் கை தூக்கும்போதெல்லாம் "ஊஊ" என்றன. இறக்கை கட்டின தேவதூதர்கள் ஒரு வரிசையாய் நின்று "தாத்தா, தாத்தா" என்று குதித்தார்கள். அதில் மூன்றாவது தேவதூதர் எங்கள் சின்னவள். பெற்ற தாய் யாரென்று பார்க்காமல் குதிக்கிறாள். கறிப் பணம் முடிந்தது. துணிப் பணத்துக்குள் இறங்கினேன். தாத்தா அசரவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எதிராய்ப் பண்டிகைச் சந்தையில் ஏலம் கேட்கிற இந்தப் பொம்பளை யார் என்று கேக் கடை அம்மா எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் என்னிடம் மிஞ்சியது புது வருஷக் காணிக்கைக்காக உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தது மட்டும்தான். அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. நாலாயிரத்து ஐநூறில் நின்றுவிட்டேன். தாத்தா ஐந்து விரல் காட்டினார், மணி ஆட்டினார், மூன்று தரம் முடிந்தது. அண்டா போயிற்று.

ரெங்கம்மாள் என் கையில் ஒரு பணியாரத்தை வைத்து, "தின்னு தாயி, மயக்கம் வந்துரும்" என்றார்கள். தின்றேன். தின்றுவிட்டுத் தாத்தா பின்னால் ஓடினேன்.

அவர் அண்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போகிறார். "தாத்தா, நில்லுங்க தாத்தா, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன், அது எங்க மதினி அண்டா, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்துவிட்டாங்க, அத எனக்கே குடுத்துருங்க, மாசா மாசம் குடுத்து அடைச்சிருறேன்" என்று கத்திக்கொண்டே ஓடுகிறேன். காதில் பஞ்சல்லவா, என் குரல் எட்டவில்லை, துரத்தி வருகிற உருவம் மட்டும் தெரிந்திருக்கிறது. அவர் இன்னும் வேகமாய் ஓட, ஸ்டாண்டு இரும்புக் கம்பியில் அண்டா டங்கென்று மோதியது. அங்கே எட்டிப் பிடித்துவிட்டேன். பிடித்தது முகமூடியை. அது கையோடு வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர்.

வேர்த்து விறுவிறுத்துப்போய், மூக்கில் பருத்திப்பால் காய்ந்துபோய் நிற்கிறார். "அடியே நீயா? நீயாடி அந்தப் பக்கம் கேட்டது?" என்கிறார். "எவளோ ஒருத்தி விடாம ஏத்திக்கிட்டே இருக்காளே, ஆனிமேரி மதினி அண்டாவ அள்ளிக்கிட்டுப் போயிருவாளேன்னு நான் வண்டிக்கு டயர் மாத்த வச்சிருந்த பணத்தையில்ல வச்சுக் கேட்டேன். இந்த ஓட்டை வழியா எதிர்ல ஒரு சேல தெரியுது, மூஞ்சி தெரியல."

"ஆடிட்டு?" என்றேன்.

"தாத்தா யாருன்னு வீட்டுலகூடச் சொல்லக் கூடாதுன்னு போதகர் ஐயா உத்தரவு" என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "எங்காத்தா என்ன சொல்லிக் குடுத்தான்னு வீட்டுக்குப் போயிப் பேசிக்கிருவோம்" என்றார்.

பின்னாலேயே ஓடிவந்த எங்கள் சின்னவள் முகமூடியையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப போன வருஷம் எனக்கு மட்டும் ரெண்டு மிட்டாய் குடுத்தது நீதானா" என்று கேட்டுவிட்டு, இறக்கையைச் சரிபண்ணிக்கொண்டு போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவும்தான். ஆகவே மதினி, நான் கேட்டுக்கொள்வது மூன்று காரியம். முதலாவது, வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் பேரையூர் பஸ்ஸில் அண்டாவைக் கொண்டுவந்து தங்கள் கையில்தான் கொடுப்பார். விளிம்பில் கம்பி பட்ட இடம் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. அதைத் தட்டி எடுக்கிறவரிடம் காட்டினேன், தட்டினால் எழுத்து போய்விடும் என்றார், தங்கள் பெயரைத் தொடவேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்தது, தங்கள் காணிக்கைக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போடப்போவதாகப் போதகர் ஐயா சொன்னார், நான் தடுப்பதற்குள் விலாசத்தையும் அண்டாவில் பார்த்தே எழுதிக்கொண்டார். அது வந்தால் "நான் கொடுக்கவில்லையே" என்று தாங்கள் பதில் எழுதிவிடக் கூடாது. யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை. அண்டா தங்களுடையது, மேசையில் ஏறியது, ஏலம் போனது, கழிப்பறைக்குப் பணம் சேர்ந்தது. கறிப் பணத்தை வண்டி டயருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் நடுவில் கறியில்லாமல் பண்டிகை கொண்டாடுவது எங்கள் வீட்டுக் காரியம். கடைசியாக, அண்டா வந்து சேர்ந்ததும் சேர்ந்தது என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், அண்ணன் வழியாக இல்லாமல் தாங்களே சொல்லவேண்டும்.

அண்ணனுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தம். எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் தங்கள் வாசலிலும் அடுப்படியிலும் முக்கியமாகத் தங்கள் போனிலும் வந்து தங்குவதாக.

இப்படிக்கு,
தங்கள் மேல் எப்போதும் வருத்தமில்லாத நாத்தனார்,
ஜெஸி இன்பசேகரன்.

பி.கு.: மதினி, மேலே எழுதினதையெல்லாம் மறந்துவிடவும். உறையை ஒட்டக் கையில் எடுத்தேன், போன் அடித்தது. தங்கள் பெயர். இரண்டு வருஷப் பழக்கத்தில் நான் பதறிப்போய், "அவரு குளிக்கிறாரு" என்றேன். "எவரு? நான் ஒன்னக் கூப்பிட்டேன்" என்றீர்கள். தாங்கள் பேசினதைத் தங்களுக்கே எழுதுவது கிறுக்குத்தனம்தான். ஆனாலும் நினைவு மாறிப்போவதற்குள் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"ஏ ஜெஸி, அண்டாவ இங்கிட்டு அனுப்பிராத" என்றீர்கள். எங்கள் போதகர் சனிக்கிழமை ராவே தங்கள் போதகருக்குப் போன் போட்டுவிட்டாராம். "ஞாயித்துக்கிழம ஆராதனையில மைக்குல என் பேரச் சொல்லி எந்திரிக்கச் சொன்னாக. முன் பெஞ்சுல கூப்பிட்டு உக்கார வச்சாக. கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்து பத்தொம்போது வருசமாச்சு, இன்னைக்கும் 'அந்த மாதா கோயில் பிள்ள'ன்னுதான சொல்லுவாளுக. இப்ப எல்லாரும் கையப் பிடிச்சு ஸ்தோத்திரம் சொல்றாளுக. நீ அண்டாவத் திருப்பி அனுப்பி, அது என் வீட்டு வாசல்ல வந்து எறங்குனா, நான் மறுபடி எந்த பெஞ்சுல போயி உக்காருவேன்?" என்றீர்கள். சொல்லும்போது தங்கள் குரல் கொஞ்சம் நனைந்திருந்தது. நான் முந்தானையில் மூக்கைச் சிந்தினேன்.

அந்தச் சத்தத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்களோ என்னவோ, "எங்க தெருவுல இருக்க ரெங்கம்மாவோட அக்கா நேத்து வீட்டுக்கு வந்திருந்துச்சு. பருத்திப்பால் கொஞ்சம் தண்ணியா இருந்துச்சாமே" என்றீர்கள்.

சுக்கு, ஏலக்காய், கருப்பட்டி, ஜெபம் எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தது, மதினி. "ஆமா மதினி, கொஞ்சம் தண்ணிதான்" என்றேன். தாங்கள் சிரித்த சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்டது என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஆகவே அண்டாவைப் பரணில் ஏற்றி, பழைய போர்வையால் மூடிவிட்டேன். சனிக்கிழமை யாரும் பஸ் ஏறவேண்டியதில்லை. அதற்குப் பதில் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு உங்கள் கையால்தான் பாயாசம் வைக்கவேண்டும். எப்படி இருந்தாலும் குடிப்பேன், பக்கத்து இலைக்காரி கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். வரும்போது பெரிய பாத்திரம் எதையும் சுமந்துகொண்டு வரவேண்டாம். இங்கே ஒன்று இருக்கிறது.